கோர்ட்டில் சொன்னதை எங்கள் தெருவிலும் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பொதுநல வழக்குப் போடுகிற வக்கீல்களுக்கெல்லாம் உள்ளாட்சிப் பதவி மேல்தான் கண் என்கிறார். பேப்பரில் பெயர் வந்ததும் வேட்புமனுவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்களாம், இவர்களைத் தேர்தலில் நிற்கவிடாமல் சட்டம் போட வேண்டுமாம். பொதுநல வழக்குகளுக்குப் பேர்போன டிராஃபிக் ராமசாமி 2015-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நின்று வைப்புத்தொகையை இழந்ததையும் குத்திக்காட்டியிருந்தார். ராமசாமி வக்கீல் அல்ல, தன் வழக்கைத் தானே வாதாடியவர். அது கிடக்கட்டும். அந்தத் தேர்தலில் ஜெயலலிதாவை எதிர்த்து நின்ற எல்லாருக்குமே வைப்புத்தொகை போயிற்று.

பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தென்மாவட்டம் ஒன்றில், தாலுகா கோர்ட்டுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். முப்பத்தோரு வருடமாகிறது. நான்கு கார்பன் தாள் சொருகி ரெமிங்டனில் ஓங்கி அடித்த காலத்திலிருந்து இன்றைய கம்ப்யூட்டர் வரை இதே நாற்காலிதான், குஷனை மட்டும் இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். எங்கள் ஊர்க்கார வக்கீல் ஒருவருக்குப் பதினாலு வருடமாக மனு, அபிடவிட் என்கிற சத்தியப் பத்திரம், டைப்செட் என்கிற ஆவணக் கட்டு எல்லாம் நான்தான் அடித்துக் கொடுக்கிறேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் அக்கா. 2019 டிசம்பரில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு அவர் நின்றார், தோற்றார். அவருடைய வாக்கு எண்ணும் முகவராக விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் நான். கடிதம் நீளமாகத்தான் வரும் போலிருக்கிறது. வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். பொதுநல வழக்கு என்பது வெள்ளைத் தாளில் எழுதி நீட்டிவிடுகிற காரியம் இல்லை. உயர் நீதிமன்றத்தில் அதற்கென்று விதிகள் உண்டு. மனு போடுகிறவர் தன் ஆண்டு வருமானம், பான் எண் எல்லாம் எழுதி, இதில் எனக்குத் தனிப்பட்ட நலன் எதுவும் இல்லை, என் சொந்தப் பணத்தில்தான் போடுகிறேன், பொதுநலம் இல்லை என்று நீதிமன்றம் கண்டால் செலவுத்தொகை கட்டத் தயார் என்று சத்தியம் செய்ய வேண்டும். இந்தப் பத்தி எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கமா, முற்றுப்புள்ளியோடு சொல்வேன்.

எங்கள் ஊர்க் கண்மாய் வழக்கில் இந்தப் பத்திக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் வக்கீல் இல்லை. கண்மாய்த் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டில் ஒன்றரை ஏக்கர் வைத்திருந்த ஒரு பெரியவர். வருமானம் எவ்வளவு போடலாம் என்று கேட்டபோது, "எந்த வருசத்துக்கு?" என்று திருப்பிக் கேட்டார். மடை திறந்த வருடத்துக்கு ஒரு கணக்கு, திறக்காத வருடத்துக்கு ஒரு கணக்கு.

கண்மாய் சின்னதுதான். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குள் இருந்தால் அது நீர்வளத் துறைக்கு (முன்பு பொதுப்பணித் துறை) போகாது, ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும். எங்களுடையது அந்த ரகம். தண்ணீர் தேங்குகிற உள்வாயில் ஒரு பக்கம் தென்னந்தோப்பு. இன்னொரு பக்கம், மிகுதித் தண்ணீர் வழிகிற கலுங்கை ஒட்டி, ஊராட்சியே கட்டிய கட்டடம் ஒன்று, அதன் பின்னால் குப்பை மேடு. கரையோரமாக முப்பத்துநாலு வீடுகள். தோப்புக்காரர் வசதியானவர். வீட்டுக்காரர்கள் கூலிக்காரர்கள். ஆனால் வருவாய்த் துறைப் பதிவேட்டில் எல்லாருக்கும் ஒரே பெயர்: ஆக்கிரமிப்பாளர்.

2018-இல் வழக்கைக் கோர்ட் ஏற்று நம்பர் போட்டது. எதிர்மனுதாரர்கள் ஐந்து பேர். ஐந்தாவது, ஊராட்சியின் தனி அலுவலர். அப்போது தலைவர் என்று யாரும் இல்லையே. 2011-இல் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்துவிட்டது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததால் மூன்று வருடத்துக்கு மேல் அதிகாரிகள் ராஜ்யம்தான் நடந்தது.

கண்மாயை அளந்து அறிக்கை கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அளந்த அன்று கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன், டைப் அடித்த புல எண்ணை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசையில். வக்கீல் பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டு, புலப்பட நகலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சேற்றில் நின்றார். சர்வேயர் ஒவ்வொரு கல்லாகத் தேடிக்கொண்டு வந்தார். தோப்புக்குள் இருக்க வேண்டிய எல்லைக்கல்லை மட்டும் காணோம். அரை மணி நேரம் தேடினார்கள். கடைசியில் மோட்டார் ரூம் தொட்டிக்குப் பக்கத்தில், சோப்பு ஏறி வெளுத்துப்போன ஒரு துவைகல்லின் மேல் தோப்பு வேலைக்காரப் பையன் உட்கார்ந்திருந்தான். எழுந்திரு என்று அவனைக் கிளப்பிவிட்டு, கல்லின் தலையில் கொத்தியிருந்த குறியைச் சர்வேயர் கட்டைவிரலால் தடவினார். ஒன்றும் பேசவில்லை. நோட்டில் மட்டும் ஏதோ குறித்துக்கொண்டார். வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். இதை எப்படி அக்கா இங்கிலீஷில் எழுதுவது என்பது அந்தப் பார்வை.

மனுவில் அவர் வழக்கமாகச் சேர்க்கிற தீர்ப்புகள் உண்டு. 1980-இல் வந்த ரத்லம் நகராட்சி வழக்கு முதலில். மத்தியப் பிரதேசத்து ஊர். சாக்கடையும் நாற்றமும் தாங்காமல் ஜனங்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். எங்களிடம் பணம் இல்லை என்றது நகராட்சி. பணம் இல்லை என்று சொல்லிக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். அடுத்தது 2001-இல் குளங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு 2005-இல் நம் சென்னை உயர் நீதிமன்றம் எல். கிருஷ்ணன் வழக்கில் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னது. அதற்குப் பின்னால்தான் 2007-இல் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமே வந்தது. கடைசியாக 2011-இல் ஜக்பால் சிங் வழக்கு, ஊர்ப் பொதுநிலத்தைத் தனியாருக்கு விடாதே என்று எல்லா மாநிலங்களுக்கும். 2005 வழக்கிலும் 2011 வழக்கிலும் அமர்வில் இருந்தவர் ஒரே நீதிபதி, மார்க்கண்டேய கட்ஜு. 

இனி உங்கள் வாசகர் சொன்ன சட்டத்துக்கு வருகிறேன். ஐயா, அப்படி ஒரு சட்டம் பாதி ஏற்கெனவே இருக்கிறது. 1994-ஆம் வருடத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 37-ஆம் பிரிவு, வேட்பாளருக்கான தகுதியிழப்புகள். ஊராட்சிக்கு எதிராக வழக்கு நடத்தும் வக்கீல் அந்த ஊராட்சிக்குத் தேர்தலில் நிற்க முடியாது. அதே பிரிவில், ஊராட்சியில் நடப்பு ஒப்பந்தம் வைத்திருப்பவரும் நிற்கக் கூடாது என்று இருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நடைமுறையில் என்ன ஆகிறது? ஒப்பந்தக்காரர் மச்சான் பெயரில் வேலையை எடுத்துக்கொண்டு தாராளமாக நிற்கிறார். வக்கீல் மச்சான் பெயரில் வாதாட முடியுமா?

ஆக, 2019 டிசம்பரில் வேட்புமனுவுக்கு முன்னால் அவர் செய்ய வேண்டியிருந்த முதல் காரியம் கண்மாய் வழக்கின் வக்காலத்தை, அதாவது வழக்கை நடத்தக் கட்சிக்காரர் எழுதிக் கொடுத்த அதிகாரத்தை, விட்டுக்கொடுப்பது. மாற்று வக்காலத்தில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட என் கடைக்கே வந்தார். பெரியவரையும் கூட்டி வந்திருந்தார், புது வக்காலத்தில் அவர் கையெழுத்து வேண்டுமே. பெரியவர் பேனாவை வாங்கிக்கொண்டு, "பாதிக் கிணறு தாண்டுற கதையா இருக்கே தம்பி" என்றார். வக்கீல் பதில் சொல்லாமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்குக் கட்டைப் பிரித்து, நகல் எடுத்து, பக்க எண் போட்டு, மதுரையில் இருக்கிற அவருடைய சிநேகிதர் ஒருவருக்கு அனுப்பினேன். மூலக் கட்டு என் கடை அலமாரியில் மேல் தட்டுக்குப் போயிற்று.

2020 பிப்ரவரியில் வழக்கு முடிந்தது. இந்த மாதிரி வழக்குகள் எப்படி முடியும் என்று டைப் அடிக்கிற எங்களுக்குத் தெரியும்: மனுதாரரின் மனுவைப் பன்னிரண்டு வாரத்துக்குள் சட்டப்படி பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும். ஊரைத் தெரிந்த வக்கீல் நின்றிருந்தால் அந்தத் துவைகல் கதையைச் சொல்லி இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருப்பார் என்பது என் எண்ணம். சிநேகிதர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்கு அது நாற்பது கட்டில் ஒரு கட்டு. பன்னிரண்டு வாரம் ஓடி முடிவதற்குள் கொரோனா வந்தது, ஆபீஸ்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. பெரியவர் அடுத்த வருடம் காலமாகிவிட்டார். பதவிக்காகத்தான் வழக்குப் போட்டார் என்று எழுதினவருக்கு நான் சொல்வது இதுதான். எங்கள் ஊரில் பதவிக்கு நின்றதால்தான் வழக்கு போயிற்று.

இவ்வளவு சொன்ன பிறகு நான் அவர் நிற்கக் கூடாது என்றுதானே சொல்ல வேண்டும்? இல்லை. நிற்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அதற்குக் காரணம் அந்தக் கரையோரத் தெரு.

பிரசாரத்தில் மூன்றாவது நாளோ நாலாவது நாளோ அங்கே போனோம். சின்னம் பூட்டு சாவி. நாலைந்து பையன்கள், ஒரு ஆட்டோ, ஒரு மைக் செட். தெரு முனையிலேயே, இடுப்பில் பேரப்பிள்ளையோடு ஒரு அம்மா வழியை மறித்துக்கொண்டு நின்றார். "வீட்டை இடிக்கச் சொல்லி எழுதுனது நீதானே தம்பி? இப்ப ஓட்டும் கேக்குறியா?"

வக்கீல் பதறிப்போனார். இல்லைம்மா, உங்களுக்கு மாற்று இடம் கொடுத்த பிறகுதான் எடுக்கணும்னு மனுவிலேயே கேட்டிருக்கேன், என்றார். உண்மைதான். அதை அடித்தவள் நான், எனக்குத் தெரியும். கோரிக்கைப் பகுதியில் இரண்டாவதாக அது இருந்தது.

"எந்த பாஷையில எழுதுன?"

இங்கிலீஷ், என்றார்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. முப்பத்துநாலு குடும்பத்தின் கூரையைப் பற்றி மூன்று பக்கம் அடித்திருக்கிறேன், அதில் ஒருவரிடமாவது கேட்டார்களா என்று எனக்கும் தோன்றவில்லை. அவர்கள் கையில் வீட்டு வரி ரசீது இருந்தது. கொடுத்தது அதே ஊராட்சி. கரன்ட் இருந்தது, ரேஷன் கார்டு இருந்தது. ஒரு நாள் காலையில் 1905-ஆம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் கதவில் நோட்டீஸ் ஒட்டியபோதுதான் அவர்களுக்கு வழக்கு என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்கிறது. நோட்டீஸ் தோப்புக்கும் போனது. தோப்புக்காரர் அன்று மாலையே ஒரு வக்கீலைப் பிடித்துவிட்டார்.

எதிர் வேட்பாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? பூட்டு சாவிக்குப் போட்டால் உங்கள் வீட்டுக்குத்தான் பூட்டு என்று சொல்லிக்கொண்டே போனார்கள். நல்ல வாசகம்தான், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

2020 ஜனவரி 2-ஆம் தேதி எண்ணிக்கை. கிராமத்து ஓட்டு எண்ணுவதைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே பெட்டிக்குள் நாலு நிறச் சீட்டும் கலந்து கிடக்கும்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். கொட்டிப் பிரிக்கவே சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். பிரித்த பிறகும் எங்கள் ஊராட்சி முறை வர ராத்திரி ஆயிற்று. கரையோரத் தெருப் பெட்டியிலிருந்து வந்த சீட்டுகளைப் பிரித்து வைக்க வைக்க, எதிர் வேட்பாளர் கட்டு வளர்ந்துகொண்டே போனது. எங்கள் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட வேண்டிய அவசியமே வரவில்லை. எண்பத்தெட்டு ஓட்டில் தோற்றார். அந்தத் தெருவில் மட்டும் நூறு ஓட்டுக்கு மேல் பின்தங்கினார். ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்ததால் 600 ரூபாய் வைப்புத்தொகை தப்பித்தது. "டிஸ்மிஸ்டு, ஆனா காஸ்ட் இல்லக்கா" என்று, வழக்கு தள்ளுபடி ஆனால் செலவுத்தொகை இல்லை என்கிற கோர்ட் பாஷையில் சொல்லிவிட்டு வெளியே போய் டீ வாங்கி வந்தார்.

பணம் விளையாடவில்லையா என்றால், விளையாடியது. எங்கள் ஊர் மட்டும் விதிவிலக்கா என்ன. ஆனால் அந்தத் தெருவில் அவர் தோற்றது பணத்தால் இல்லை.

முடிவு வந்த மூன்றாம் நாள், ஆட்டோவும் மைக்கும் இல்லாமல், தனியாக அந்தத் தெருவுக்குப் போனார். அந்த அம்மா வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்தார். போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, ஓட்டுக் கேட்கிற வேலையும் முடிந்துவிட்டது. அப்புறம் வாரா வாரம் போனார். ஊரடங்கு வந்து நின்றது, தளர்ந்ததும் மறுபடி தொடங்கினார். அந்த வருடக் கடைசியில் என்னிடம் ஒரு மனு அடிக்கக் கொடுத்தார். முப்பத்துநாலு பெயர், எத்தனை வருடமாகக் குடியிருப்பு, ரேஷன் கார்டு எண், வரி ரசீது எண், கைரேகைகள். திங்கள்கிழமைக் குறைதீர்க் கூட்டத்துக்கு. அவர் எனக்குக் கொடுத்த தாள்களில் முழுக்கத் தமிழில் இருந்தது அதுதான் முதல். எங்கள் குடும்பங்களுக்குக் குடியிருப்பு நிலமான நத்தத்தில் இடம் கொடுங்கள், கண்மாயை நாங்களே காலி செய்து தருகிறோம் என்று இருந்தது. மனுதாரர் பட்டியலில் முதல் பெயர் வழியை மறித்த அந்த அம்மாவுடையது.

2022-இல் பத்தொன்பது குடும்பத்துக்கு வீட்டுமனைப் பட்டா வந்தது. பதினைந்து குடும்பம் இன்னும் அங்கேதான். தோப்பு அசையவில்லை. எல்லைக்கல்லை எடுத்து நட்டார்கள், மறுபடி சாய்ந்தது, மறுபடி நட்டார்கள். ஊராட்சிக் கட்டடமும் அங்கேயே இருக்கிறது, குப்பை மேடு மட்டும் இடம் மாறியிருக்கிறது. பெரிய வெற்றி என்று இதைச் சொல்ல நான் வரவில்லை. அவ்வளவு நாள் வழக்கு எழுதியவருக்கு அந்தத் தெருவுக்குள் வழி தெரிந்தது தேர்தலில் நின்றதால்தான். அதைத்தான் சொல்கிறேன். கோர்ட்டில் அவர் நீதிபதிக்கு மட்டும் புரியவைத்தால் போதும். வழக்கால் கூரையை இழக்கப்போகிறவர் எதிர்மனுதாரர் பட்டியலில்கூட இருக்கமாட்டார். ஓட்டுக் கேட்டுப் போகிறபோது அதே ஆள் கதவைத் திறந்துகொண்டு வந்து, எந்த பாஷையில எழுதுன என்று கேட்கிறார்.

ரத்லம் தீர்ப்பை எழுதிய கிருஷ்ணய்யரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் வக்கீல், அவரும் தேர்தலில் நின்றவர். 1952-இல் கூத்துப்பறம்பிலிருந்து அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் இருந்தார், பாசனமும் அவர் கையில் இருந்த துறைகளில் ஒன்று. அதற்கெல்லாம் பிறகுதான் நீதிபதி. நாற்றமடிக்கிற சாக்கடையைப் பற்றி அப்படி ஒரு கோபத்தோடு எழுத, வாசல் வாசலாக ஓட்டுக் கேட்டு நடந்த கால் கொஞ்சம் உதவியிருக்காதா? இது என் ஊகம்தான். நான் சட்டம் படித்தவள் இல்லை, சட்டத்தை அடித்தவள்.

வக்கீல் தம்பி மேல் எனக்கும் கோபம் உண்டு. இந்தக் கடிதம் அச்சில் வந்தால் படிப்பார் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேட்புமனுவுக்கு ஒரு வாரம் முன்னால் வக்காலத்தை மாற்றியது தப்பு. நிற்பதென்று மனதில் பட்ட அன்றே உள்ளூரில் இன்னொருவரை வழக்குக்குள் கொண்டுவந்து, கண்மாய்க் கரையில் நாலு நாள் நடக்கவிட்டிருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் தலையில் மட்டும் மனுவைக் கட்டியதும் தப்பு. ஆயக்கட்டுக்காரர்கள் ஐம்பது பேர் இருந்தார்கள், ஐந்து பேராவது சேர்ந்து போட்டிருக்கலாம். பொதுநலம் என்கிறோம், கட்டில் ஒரே ஒரு கையெழுத்துத்தான்.

இப்போது அவர் மறுபடி நிற்பதாகச் சொல்கிறார். எப்போது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் கிடையாது, முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடி என்கிறது அரசமைப்புச் சட்டம். நடந்தது மறுபடியும் தனி அலுவலர் நியமனம். ஒன்றியத்தில் உள்ள அத்தனை ஊராட்சிக்கும் ஒரே வட்டார வளர்ச்சி அலுவலர். தெருவிளக்கு பல்பு மாற்ற யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல், ஜனங்கள் என் கடைக்கு வந்து மனு அடிக்கிறார்கள். எனக்கு வருமானம்தான், வேண்டாம் இந்த வருமானம். தேர்தலில் யார் நிற்கக் கூடாது என்று எழுதின வாசகர், தேர்தலே இல்லாமல் இருப்பதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கடைசியாக ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் அடித்த அபிடவிட்டுகளுக்கே துரோகம். இந்த விஷயத்தில் எனக்குத் தனிப்பட்ட நலன் எதுவும் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. ஊராட்சியில் தலைவரை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். காசோலையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர் முறைத்துக்கொண்டால் தலைவரால் ஒரு குழாய்கூடப் போட முடியாது. எத்தனையோ ஊரில் ஐந்து வருடமும் அப்படியே போயிருக்கிறது. அதனால் வக்கீல் போன மாதம் கடைக்கு வந்து, "வார்டுக்கு நீங்க நில்லுங்கக்கா" என்றார். சிரித்து அனுப்பிவிட்டேன். வார்டு உறுப்பினருக்குப் போன தடவை வைப்புத்தொகை 200 ரூபாய். இட ஒதுக்கீட்டுப் பட்டியல் வர வேண்டும், வீட்டில் கேட்க வேண்டும், முழங்கால் வேறு வலிக்கிறது. இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் நேற்றுக் கடையைப் பூட்டும்போது கரையோரத் தெருவில் மீதியிருக்கிற பதினைந்து குடும்பத்தின் பட்டியலைத் தேடி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு.

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் மேலே இருக்கிறது.

இப்படிக்கு,
ஜாப் டைப்பிங் கடைக்காரம்மா,
தாலுகா கோர்ட் எதிரில்